போய்ப் பேசுங்கள்: வீட்டிலும் சபையிலும் சமாதானம் பண்ணப் பழகுகிறவர்களுக்கு

ஆராதனையில் சமாதானம் பகிரும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்போம், பின்னால் திரும்பிப் புன்னகைப்போம். யாருக்குச் சமாதானம் சொல்ல வேண்டுமோ அவர் மட்டும் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே உட்காருவதும் நாம் இங்கே உட்காருவதும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவான காரியம்.

அந்த நாலு வரிசையைக் கடப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள், புதிதாகச் சபைக் கமிட்டியில் பொறுப்பேற்றவர்கள், மணமாகிப் புதுக் குடும்பத்துக்குள் வந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். நம்மிடையே உபதேசத்தைப் பற்றிய சண்டை அபூர்வம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது, அம்மாவின் சங்கிலி யாருக்குப் போனது, காம்பவுண்டுச் சுவர் அரை அடி தள்ளி எழும்பியது, பாடகர் குழுவில் தனிப்பாட்டு யாருக்கு, சபைச் சேகரத் தேர்தலில் யார் காலை வாரினார்கள் என்பவைதான் நம் சண்டைகள்.

யார் முதலில் போவது

இதில்தான் முக்கால்வாசிச் சண்டைகள் வருஷக்கணக்கில் நின்றுபோகின்றன. மத்தேயு சுவிசேஷத்தில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. பதினெட்டாம் அதிகாரத்தில், "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய்" என்கிறார். முன்னதில் குறை என் பக்கம். பின்னதில் குற்றம் அவன் பக்கம். இரண்டிலும் எழுந்து போக வேண்டியவன் நான்தான். "தப்பு அவர்கள்மேல், அவர்கள் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க இடமே வைக்கவில்லை.

முதல் போதனை சொல்லப்பட்டது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நான்கு நாள் நடை. கலிலேயாக்காரன் ஒருவன் ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடியும் எருசலேமுக்கு ஏற வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செலவும் களைப்பும் உடனே கண்ணில் நின்றிருக்கும். நமக்கு நடக்க வேண்டியது பெரும்பாலும் அடுத்த தெருவரைதான். அதற்கே கால் வரமாட்டேன் என்கிறது.

முதலில், இதற்குப் போகத்தான் வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் கிளம்பிப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு தொந்தரவுதான். சிலர் சமாதானத்தின் பெயரால் வாரம் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, "உங்களைப் பற்றி என் மனதில் ஒரு வருத்தம் இருந்தது" என்று ஆரம்பிப்பார்கள். அதுவரை ஒன்றுமே தெரியாமல் நிம்மதியாக இருந்தவர் அன்றிலிருந்து தூக்கத்தைத் தொலைப்பார். "குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு மகிமை" என்று நீதிமொழிகள் 19:11 சொல்வதை அப்படியே விட்டுவிடுவதற்கான அனுமதியாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே விட்டுவிட்டோமா, உள்ளே போட்டு வைத்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். அதை மூன்றாவது ஆளிடம் சொல்லியிருக்கிறேனா? அவர் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா? அவருக்கு ஒரு நல்லது நடந்தது என்று கேள்விப்பட்டால் முகம் மாறுகிறதா? ஒன்றில் தடுக்கினாலும் நீங்கள் விட்டுவிடவில்லை. போக வேண்டும்.

வாய்க்குப் பூட்டு

போவது என்று முடிவுசெய்த நிமிடத்திலிருந்து போய்ப் பேசி முடிக்கும்வரை வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேசாதீர்கள். நான் சொல்லப்போகிறவற்றுள் மிகக் கடினமானது இதுதான். "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" என்பது நீதிமொழிகள் 26:20. கோள் என்றால் கிணற்றடியில் பேசுவது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கென்றே சில பக்திமயமான வழிகள் இருக்கின்றன.

அவற்றுள் தலையாயது ஜெபக்குறிப்பு. "ஜெபத்துக்காக மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று தொடங்கி, கொழுந்தன் வீட்டுக் கதை முழுவதும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இறங்கிவிடும். ஜெபம் தேவையென்றால் "ஒரு உறவு சரியாக ஜெபியுங்கள்" என்றால் போதும். பெயரும் விவரமும் இல்லாமலே கர்த்தருக்குப் புரியும். அடுத்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போட்டுக் குத்துவது. "குழியை வெட்டுகிறவன் அதில் விழுவான்" என்று காலை ஆறு மணிக்கு ஒரு வசனம் வரும். யாருக்கு என்று குடும்பத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சங்கீதம் வரும். வேதப்புத்தகத்தை இப்படி எறிகல்லாக்குவதைவிட நேராகத் திட்டிவிடுவது எவ்வளவோ மேல். மூன்றாவது, போதகரிடம் முந்திக்கொண்டு போய்ச் சொல்வது. ஐயரிடமோ பாஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ ஆலோசனை கேட்பதில் தவறில்லை. அவர் காதில் நம் பக்கத்தை முதலில் போட்டுவைக்க வேண்டும் என்று ஓடுவது வேறு. எந்த நோக்கத்தில் போகிறோம் என்பது நமக்கே தெரியும்.

கணவனிடமோ மனைவியிடமோ சொல்லாமல் இருக்க முடியாது என்றால் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் சமாதானமாகித் திரும்பிய பிறகும் அவர் உங்களுக்காகக் கோபித்துக்கொண்டே இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கோபத்தை ஆற்றும் வேலையும் உங்களுடையதுதான்.

ஒரு தாளும் பேனாவும்

போகும் முன் ஒரு தாளில் மூன்று பகுதி எழுதுங்கள். நடந்தது என்ன? அதிலிருந்து நானாக முடிவுகட்டியது என்ன? இதில் நான் செய்தது என்ன?

முதல் பகுதியில் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். "என்னை அவமானப்படுத்தினான்" என்று அங்கே எழுதக்கூடாது. "எல்லாருக்கும் வணக்கம் சொன்னான், என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தான்" என்று எழுதலாம். அவமானம் இரண்டாம் பகுதிக்குப் போகும். இப்படிப் பிரித்து எழுதும்போது முதல் பகுதி மூன்று வரியிலும் இரண்டாம் பகுதி ஒரு பக்கத்திலும் வந்து நிற்பது சகஜம். போய்ப் பேச வேண்டியது அந்த மூன்று வரியை. ஒரு பக்கத்தைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு போகலாம்.

மூன்றாம் பகுதி காலியாக இருந்தால் பேனாவை வைத்துவிடாதீர்கள். தன் கண்ணிலுள்ள உத்திரத்தையும் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் பற்றி இயேசு சொன்னது இந்த இடத்துக்குத்தான். பங்கு சிறியதாக இருக்கலாம். ஆறு மாதம் பேசாமல் இருந்தது என் பங்கு. அவர் மகன் பாஸானபோது வாழ்த்தாமல் இருந்தது என் பங்கு. அதற்காக இல்லாத தவறைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். எல்லாத் தப்பும் என்னுடையது என்று காலில் விழுவது தாழ்மை போலத் தெரியும். பெரும்பாலும் அது பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் வழி.

நேரமும் இடமும்

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் வேண்டாம். நாற்பது கண்கள் பார்க்கும். கல்யாண மண்டபத்தில் வேண்டாம், துக்க வீட்டில் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தியாக எழுதுவதைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்கிறேன். எழுத்தில் குரல் இல்லை. "சரி" என்று அவர் போடும் ஒற்றைச் சொல்லுக்கு நீங்கள் பத்து அர்த்தம் எடுப்பீர்கள், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கும் அனுப்புவீர்கள். எழுதுவதானால் சந்திக்க நேரம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா? கொஞ்சம் பேச வேண்டும், தனியாக வருகிறேன்." தூர ஊரில் இருந்தால் போன் பேச்சு. அங்கும் குரல் கேட்க வேண்டும்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற வசனத்தை வைத்து இரவு பதினொரு மணிக்கு மனைவியை எழுப்பி உட்காரவைக்கும் கணவர்கள் உண்டு. தணிய வேண்டியது என் எரிச்சல் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. பேச்சு நாளைக் காலை காப்பிக்குப் பிறகும் நடக்கலாம். களைப்பில் பேசிக் கெட்ட குடும்பங்கள் அதிகம்.

உட்கார்ந்தபின்

பொதுவாகச் சொல்வதைவிட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தம்பி மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அக்காவின் கணவர் பெயர் இல்லை. அக்கா கல்யாணத்துக்குப் போனாள், மொய் எழுதினாள், சாப்பிடாமல் வந்துவிட்டாள். இப்போது தம்பி வீட்டுக்குப் போகிறாள்.

அவள் இப்படி ஆரம்பிக்கலாம்: "உனக்கு இப்போது நாலு காசு வந்துவிட்டது, அத்தான் எப்படிக் கண்ணுக்குத் தெரிவார்?" இதில் நடந்த காரியம் எதுவுமே இல்லை. தம்பி தன் பணத்தைப் பற்றிப் பேசுவான், அவன் மனைவி உள்ளே இருந்து வருவாள், பத்து நிமிடத்தில் அக்கா படியிறங்குவாள்.

இப்படியும் ஆரம்பிக்கலாம்: "தம்பி, பத்திரிகையில் அத்தான் பெயர் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மண்டபத்தில் சாப்பிடாமல் வந்தது நான் செய்த தப்பு, உன் முகத்தில் அடித்த மாதிரி ஆகியிருக்கும். பெயர் எப்படி விட்டுப்போனது என்று உன்னிடமே கேட்கலாம் என்று வந்தேன்."

சொல்லிவிட்டு அக்கா வாயை மூட வேண்டும். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். தாங்க வேண்டும்.

தம்பி முதலில் அச்சகத்தைச் சொல்வான். பிறகு பெண் வீட்டார் அவசரப்படுத்தியதைச் சொல்வான். அதற்குப் பிறகுதான், அக்கா குறுக்கே விழாமல் இருந்தால், காரியம் வெளியே வரும்: "நான் வீடு கட்டி நடுவில் நின்றபோது அத்தானிடம் பணம் கேட்டேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்தப் பக்கமே வரவில்லை." பத்திரிகையில் விட்டுப்போன பெயருக்கு வயது ஆறு வருஷம் என்று அப்போது தெரியவரும்.

இந்த இடத்தில் அக்காவுக்கு நாக்கு நுனியில் பதில் இருக்கும். அந்த வருஷம் அத்தானுக்கு வேலையே போய்விட்டது, வெளியே சொல்ல வெட்கப்பட்டார். அதை உடனே சொல்லாமல் முதலில் அவன் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: "நீ கேட்டும் அவர் பதில் சொல்லாமல் விட்டது உன்னை மதிக்காதது போல இருந்திருக்கிறது." அவன் ஆமாம் என்று தலையசைத்த பிறகு அத்தானின் கதையைச் சொல்லலாம். முன்னால் சொன்னால் அது சாக்கு. பின்னால் சொன்னால் விளக்கம். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபின் நிருபத்தில் எழுதியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

மன்னிப்புக் கேட்பது

"என்னால் ஏதாவது மனக்கஷ்டம் வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தைச் சபைகளில் ஆண்டுக் கடைசி ஆராதனையில் நிறையக் கேட்கலாம். வந்திருந்தால் என்றால், வந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாதா? செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "கமிட்டியில் உங்களைப் பற்றிக் கணக்குச் சரியில்லை என்று பேசினேன். விசாரிக்காமல் பேசியது தவறு." அதோடு முற்றுப்புள்ளி. "ஆனால்" என்று அடுத்த வாக்கியம் தொடங்கினால் முன்னதை அழித்துவிட்டீர்கள்.

பிறகு சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்ய வேண்டும். கமிட்டியில் பேசியதைக் கமிட்டியிலேயே திரும்பப் பெற வேண்டும். அவர் வீட்டு வரவேற்பறையில் மட்டும் மன்னிப்புக் கேட்டால் கணக்கு முடியாது. பணம் சம்பந்தப்பட்டிருந்தால் பணத்தால்தான் முடியும். வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியபோது அழுததாக எழுதியிருக்கவில்லை. அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலு மடங்காய்த் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைச் சந்திக்கப் போன யாக்கோபு ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட கால்நடைகளை முன்னால் அனுப்பினான். அதில் பயமும் கலந்திருந்தது உண்மைதான். ஆனாலும் ஏமாற்றிப் பறித்தவன் வெறுங்கையோடு வரவில்லை.

மன்னிப்புக் கேட்டவுடன் பதிலை எதிர்பார்த்து முகத்தையே பார்க்காதீர்கள். "நான் கேட்டுவிட்டேன், இனி மன்னிக்காவிட்டால் அது உங்கள் பாவம்" என்பது கேட்ட மன்னிப்பையே மிரட்டலாக்கும். அவருக்கு நாள் வேண்டியிருக்கலாம்.

இருவருக்கு நடுவே போகும்போது

மற்றவர்களின் சண்டைக்குள் கூப்பிடாமல் நுழைவதைத் தெருவில் போகிற நாயைக் காதைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள். இயேசுவிடமே ஒருவன் வந்து, ஆஸ்தியைப் பாகம் பிரித்துத்தரும்படி தன் சகோதரனிடம் சொல்லக் கேட்டபோது, "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்று திருப்பிக் கேட்டார். ஒருவன் மட்டும்தான் வந்திருந்தான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேரும் உங்களை ஏற்றுக்கொண்டால் மட்டும் நடுவில் உட்காருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் கேளுங்கள், ஜெபியுங்கள், "நீங்களே போய்ப் பேசினீர்களா?" என்று கேட்டு அனுப்புங்கள். அதுவே பாதி வேலை.

உட்கார்ந்தால், இரண்டு பேரையும் முதலில் தனித்தனியே கேட்க வேண்டும். "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்பது எத்தனை முறை மெய்யானாலும் நாம் ஏமாறுவோம். முதல் ஆள் பேசி முடித்ததும் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தோடு இரண்டாவது வீட்டுக்குப் போகாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். ஒருவர் சொன்ன சுடுசொல்லை மற்றவரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். அவரே எதிரில் உட்கார்ந்து சொல்லத் தயாராக இருப்பதை மட்டும் அவரே சொல்லட்டும்.

நம் வீடுகளில் பெரியவர்கள் கூடிய அறையில் மருமகள் வாய் திறக்க மாட்டாள். "எல்லாம் பேசி முடித்தாயிற்று" என்று ஆண்கள் எழுந்திருக்கும்போது அவள் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருப்பாள். சபையில் முதிர்ந்த ஒரு பெண்மணியை அழைத்துப்போய் அவளைத் தனியாகக் கேட்காமல் எந்தப் பேச்சையும் முடித்துவிடாதீர்கள். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் பிணக்கு. பவுல் நிருபத்தில் இருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் புத்தி சொல்கிறார். தன்னோடு சுவிசேஷத்துக்காகப் போராடியவர்கள் என்று இருவரையும் கனப்படுத்துகிறார். அங்கேயே இருக்கும் ஓர் உடன்வேலையாளை உதவச் சொல்கிறார். யார்மேல் தப்பு, என்ன விஷயம் என்று ஒரு வரி இல்லை. இரண்டாயிரம் வருஷமாக நமக்கும் தெரியாமல் அந்தச் சங்கதி காக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு அந்த வாயடக்கம் வேண்டும்.

சில நேரம் கைக்காசும் வேண்டும். அடிமையான ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது அவன் எஜமான் பிலேமோனுக்குப் பவுல், அவன் கடன்பட்டது ஏதாவது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதுகிறார். ஆயிரம் ரூபாயில் நிற்கும் சண்டைக்கு மூன்று மணிநேரம் புத்தி சொல்வதைவிட அந்த ஆயிரத்தைப் போட்டுவிட்டு எழுந்து வருவது சில இடங்களில் நல்ல வழி.

சொத்து என்றால்

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். நம் குடும்பங்களில் "சமாதானமாகப் போய்விடலாம்" என்ற பேச்சு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. அப்பா காலமான பிறகு பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம் ஒன்றை அண்ணன்மார் தயார்செய்து வைத்திருப்பார்கள். தங்கை கையெழுத்துப் போட வேண்டும். தயங்கினால், "அற்ப மண்ணுக்காக உடன்பிறப்பைப் பகைக்கலாமா? கர்த்தர் உனக்கு வேறு வழியில் தருவார்" என்று புத்தி சொல்ல ஒரு மூப்பரையும் கூட்டி வருவார்கள். கர்த்தர் வேறு வழியில் அண்ணனுக்கும் தரலாமே என்று அந்த மூப்பர் கேட்பதில்லை.

நடுவில் போகிறவருக்குச் சட்டத்தின் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும், மகன் மகள் என்ற வித்தியாசம் கிடையாது. பழைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் தந்தது. அந்தப் பகுதிக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவர் அன்று சமாதானத்தைக் கெடுத்தவராகத்தான் பார்க்கப்பட்டார். தங்கை தன் பங்கு என்ன என்று தெரிந்து, ஆற அமர யோசித்து, மனதார விட்டுக்கொடுத்தால் அது அவள் விருப்பம். ஆபிராம் அப்படித்தான் தன் சகோதரன் மகன் லோத்துவுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்தான். அங்கே விட்டுக்கொடுத்தவன் மூத்தவன், பலசாலி. நாம் இளையவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி" ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி கோபப்பட்டது இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான்.

சமாதானம் பேசக்கூடாத இடங்கள்

அடி விழும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஜெபித்து அனுப்பாதீர்கள். அவன் முன்னால் அவள் உண்மை பேச முடியாது. பேசினால் அன்று இரவு வீட்டில் அதற்குக் கூலி கிடைக்கும். அவள் பாதுகாப்பாக இருக்க இடம் தேடுவதுதான் முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "சபைக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வோம், சகோதரன்மேல் வழக்குப் போகலாமா" என்று 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை இங்கே எடுப்பவர்களிடம், அந்த அதிகாரம் விசுவாசிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் போன்ற அற்ப வழக்குகளுக்காக நீதிமன்றம் போவதைப் பற்றியது என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

ஊரறியச் செய்த தவறும் தனியறைக்குள் முடிவதில்லை. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. எல்லாருக்கும் முன்பாகவே எதிர்த்தார். சபையின் அசன விருந்தில் சாதி பார்த்துப் பந்தி பிரிந்தால், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்கினால், "இதையெல்லாம் கிளறி ஒற்றுமையைக் கெடுக்காதே" என்று சொல்கிறவரைச் சமாதானக்காரர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் மசியவில்லை என்றால்

போனீர்கள், பேசினீர்கள், கதவு திறக்கவில்லை. மத்தேயு 18 அடுத்த படியைச் சொல்கிறது: "இரண்டொருவரை உன்னுடனே கூட்டிக்கொண்டு போ." உங்களுக்காகப் பேச ஆள் சேர்ப்பது இதற்கு அர்த்தமாகாது. அவர் மதிக்கும் ஒருவராகப் பாருங்கள். உங்கள் தவறையும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராக அவர் இருக்கட்டும். அதன் பிறகும் நடக்கவில்லை என்றால், சபை உறவு சம்பந்தப்பட்டதாக இருந்தால் சபைப் பொறுப்பாளர்களிடம் போகலாம். குடும்பக் காரியம் என்றால் கொஞ்ச காலம் விட்டுவிடலாம்.

"கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18 இரண்டு நிபந்தனை போட்டுத்தான் சொல்கிறது. முந்தைய பயணத்தில் பாதியில் திரும்பிவிட்ட மாற்குவை மறுபடி அழைத்துப்போவதா என்ற விஷயத்தில் பவுலும் பர்னபாவும் கடுமையாக முட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் பவுல். நடுவில் எப்போது, யார், என்ன பேசினார்கள் என்று தெரியாது.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியவை உண்டு. அவரைப் பற்றி மற்றவர்கள் இழுத்துப் பேசும்போது கூடச் சேராதீர்கள். பிள்ளைகளை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், பெரியவர்களின் பகையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அவர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பாருங்கள், பழைய விஷயத்தை அங்கே எடுக்காதீர்கள். உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்ற உறவினர்களுக்குப் போவதைப் போலவே அவருக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் பாடு.

சமாதானமான பிறகும் பழையபடி ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏசாவும் யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "நாம் புறப்பட்டுப் போவோம் வா" என்று ஏசா கூப்பிட்டதற்கு, பிள்ளைகளும் ஆடுமாடுகளும் மெதுவாகத்தான் வரும் என்று யாக்கோபு நயமாகத் தவிர்த்துவிட்டான். அவன் சேயீருக்குப் போனான், இவன் சுக்கோத்துக்குப் போனான். தனித்தனி ஊரில் வாழ்ந்தார்கள். தகப்பன் ஈசாக்கு இறந்தபோது இருவரும் சேர்ந்து அடக்கம்பண்ணினார்கள். கொடுக்கல் வாங்கலில் ஒரு முறை மோசம்போன இடத்தில் மறுபடியும் கையெழுத்து ஜாமீன் போட வேண்டிய கட்டாயமில்லை. பார்த்தால் பேசுங்கள், கூப்பிட்டால் போங்கள், கடன் கேட்டால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.